ஓடுகிறவளும் உட்கார்ந்திருப்பவனும்

சொந்தக்காரர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் அரை மணி நேரத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மகளுக்கு எட்டு வயது. அவளுக்கு ‘வாலு’, ‘அடங்காப்பிடாரி’, ‘காலுல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தது’. மகனுக்கு நாலு முடியப்போகிறது. அவனுக்கு ‘சாது’, ‘தங்கமான புள்ள’, கொஞ்சம் உரிமை உள்ளவர்களாக இருந்தால் ‘என்னப்பா, மசமசன்னு இருக்கான்?’. அதோடு விட்டால் பரவாயில்லை. பொம்பளப் புள்ள இந்த ஆட்டம் ஆடுது, ஆம்பளப் புள்ள அடங்கி உக்காந்திருக்கு, ரெண்டும் மாறிப் பொறந்துருச்சு என்று ஒரு பெரியம்மா சொல்வார். பந்தியே சிரிக்கும்.

இந்தச் சிரிப்பு பழையது. பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் குழந்தைக்குப் பத்துப் பருவம் வகுத்தார்கள். காப்பு, செங்கீரை, தாலம் என்று தொடங்கும் முதல் ஏழும் ஆண், பெண் இருவருக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பாதை பிரியும். ஆண்பாலுக்குச் சிறுபறை கொட்டுதல், சிற்றில் சிதைத்தல், சிறுதேர் உருட்டுதல். பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் போன்றவை. அதாவது பறையைப் போட்டு அடிப்பதும், பெண் பிள்ளைகள் கட்டிய மணல்வீட்டை மிதிப்பதும் பையனுடைய வேலை. எங்கள் வீட்டில் சிற்றில் கட்டுகிறவன் தம்பி, சிதைக்கிறவள் அக்கா. சராசரியாகப் பார்த்தால் பையன்கள் கொஞ்சம் கூடுதலாக ஓடியாடுகிறார்கள் என்று ஆய்வுகளும் சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் சராசரி என்பது ஊருக்கு. நாம் வளர்ப்பது வீட்டில் இருக்கிற இரண்டை.

பிள்ளையின் வேகம் பிறவியிலேயே பாதி முடிவாகிவிடுகிறது என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய ஆய்வு ஞாபகம் வரும். அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று நியூயார்க்கில் ஒரு மனநல மருத்துவத் தம்பதி. பிள்ளை எப்படி இருந்தாலும் அம்மாவின் வளர்ப்புதான் காரணம் என்று அமெரிக்க மருத்துவர்களே அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இவர்களுக்கு அதில் சந்தேகம். பிறந்த சில வாரங்களிலேயே ஒரு குழந்தை போல இன்னொன்று இல்லையே, இதில் அம்மா என்ன செய்தாள் என்று கேட்டார்கள். 1956இல் தொடங்கி 133 குழந்தைகளைப் பச்சைக் குழந்தையிலிருந்து பெரியவர்களாகும்வரை தொடர்ந்து பார்த்தார்கள். குழந்தையின் இயல்பை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். அதில் முதலாவது, உடம்பு எவ்வளவு அசைகிறது என்பது. குளிக்க வைக்கும்போது எவ்வளவு தண்ணீர் தெறிக்கிறது, தூங்க வைத்த இடத்திலேயே காலையில் கிடக்கிறதா, கட்டிலின் மறுகோடிக்குப் போய்விடுகிறதா, இப்படித்தான் விசாரித்தார்கள். எந்தப் பாட்டியும் கேட்கிற கேள்விதான்.

அந்த ஆய்விலிருந்து இணையத்தில் எல்லோரும் எடுத்துச் சொல்வது ‘எளிய குழந்தை’, ‘கடினமான குழந்தை’, ‘மெல்லப் பழகும் குழந்தை’ என்ற மூன்று வகையைத்தான். முறையே 40, 10, 15 சதவீதம். கூட்டிப் பாருங்கள், 65தான் வருகிறது. மீதி 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை என்று அவர்களே எழுதிவைத்தார்கள். இதை யாரும் சொல்வதில்லை.

எனக்கு அதிகம் பயன்பட்டது வேறொன்று. பிள்ளையின் குணம் தானாகப் பிரச்சினை ஆவதில்லை, அந்தக் குணமும் அது வளர்கிற இடமும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி என்றார்கள். பின்னால் அதே ஊரில், போர்ட்டோ ரிக்கோ தீவைப் பூர்வீகமாகக் கொண்ட தொழிலாளர் குடும்பங்களைப் பார்த்தபோது, ‘பிள்ளை அடங்க மாட்டேன் என்கிறது’ என்ற புகார் அங்கே நிறைய வந்தது. வசதியான வீடுகளில் அந்தப் புகார் அபூர்வம். வீடு சின்னது, தெருவில் விடப் பயம், ஓடுகிற பிள்ளை எங்கே ஓடும்?

நாங்கள் இருப்பது சேலத்தில் அஸ்தம்பட்டிப் பக்கம், வாடகைக்கு, மாடிப் போர்ஷனில். அதனால் இதற்கு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கீழ் வீட்டம்மா ஒருநாள் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “தம்பி, மேல அம்மிக்கல்லை நகர்த்தறீங்களா?” அம்மி இல்லை, மகள் பல் தேய்க்கப் போகிறாள். அவள் நடந்து நான் பார்த்ததில்லை. கூடத்திலிருந்து அடுப்படிக்குக்கூட ஓட்டம்தான். வீட்டில் கொலுசு போட்டிருக்கிறாள், அதனால் கண்ணால் தேட வேண்டியதில்லை. சத்தம் வந்தால் நிம்மதி, சத்தம் நின்றால்தான் எழுந்து போக வேண்டும். அலமாரி மேலே இருப்பாள்.

அவளை மெதுவாக நடக்கப் பழக்குவதை விட, அவள் ஓடுவதற்கு நாளில் இடம் ஒதுக்குவது எளிது. இதுதான் நாங்கள் வந்து சேர்ந்த இடம். திங்கள், புதன், வெள்ளி சாயங்காலம் இரண்டு தெரு தள்ளி ஒரு மைதானத்தில் சிலம்பம். வீட்டுப்பாடம் அதற்குப் பிறகுதான், முன்னால் இல்லை. பள்ளியில் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தவளை மறுபடி உட்கார வைத்தால் பென்சில்தான் உடையும். எழுதுவது அடுப்படிக் கிரானைட் மேடை மேல், நின்றுகொண்டு. வாய்ப்பாடு வெளிப்படிக்கட்டில். ஒரு படிக்கு ஒரு வரி, ஏறும்போது ஏழாம் வாய்ப்பாடு, இறங்கும்போது எட்டாம் வாய்ப்பாடு. ஏழெட்டு என்று வரும் படியில் எப்போதும் நின்றுவிடுவாள். இப்போதெல்லாம் கீழ் வீட்டம்மாவே உள்ளே இருந்து “அம்பத்தாறு!” என்று குரல் கொடுத்துவிடுகிறார்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் களைப்பே வராது என்று நினைப்பது சரியில்லை. வரும், ஆனால் வேறு வேஷத்தில் வரும். ராத்திரி எட்டரை மணிக்குச் சோபாவில் தலைகீழாக நின்று பாடுகிறாள் என்றால் தெம்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. தூங்க வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அப்போது இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் களைத்துத் தூங்கிவிடுவாள் என்று யாராவது யோசனை சொன்னால் நம்பாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு, காலைப் பிடித்துவிட்டால் போதும்.

அப்புறம் சர்க்கரை. “சாக்லேட்டைக் குடுக்காதீங்க, அதைத் தின்னுட்டுத்தான் இப்படி ஆடுது” என்று என் மாமியார் சொல்லாத நாள் இல்லை. பல்லுக்காக நானும் கொடுப்பதில்லை, அது வேறு. 1995இல் அதுவரை நடந்த பரிசோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து, சர்க்கரையால் பிள்ளைகளின் நடத்தை மாறுவதில்லை என்று முடிவுசொல்லிவிட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் நடந்த ஒரு சோதனை இன்னும் வேடிக்கை. ஐந்திலிருந்து ஏழு வயதுப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பாதி அம்மாக்களிடம் மட்டும் ‘நிறையச் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறோம்’ என்றார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை ரொம்ப ஆடுவதாகச் சொன்னதோடு, பிள்ளைகளை அதிகமாகக் குறை சொன்னார்கள், பக்கத்தை விட்டு நகரவே இல்லை. இதை மாமியாரிடம் சொல்லிப் பார்த்தேன். “அந்த ஊர் சர்க்கரை அப்படி இருக்கும்” என்றார்.

மகனைப் பற்றி எழுத அதிகம் இல்லை என்று தோன்றும். அதுதான் விஷயமே. ஓடுகிற பிள்ளையைச் சுற்றித்தான் வீட்டின் நேரமெல்லாம் அமைகிறது. சிலம்பத்துக்கு அவள் போக வேண்டும் என்றால் அவனையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மைதானத்து ஓரத்தில் அவன் உட்கார்ந்திருப்பான். அடம் பிடிக்க மாட்டான். கேட்கிற பிள்ளைக்குத்தான் கிடைக்கிறது. கேட்காத பிள்ளைக்கு ‘தங்கமான புள்ள’ என்ற பட்டம் கிடைக்கிறது. பூங்காவுக்குப் போனால் அவனுக்கு இறங்கி விளையாடவே ஒரு கால் மணி நேரம் ஆகும். முதலில் பார்ப்பான், ஊஞ்சல் சங்கிலியைத் தொட்டுப் பார்ப்பான், மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனிப்பான். அவன் தயாராகிற நேரத்துக்கு அக்கா ஊஞ்சல், சறுக்கு, குறுக்குக் கம்பி எல்லாவற்றையும் முடித்துவிட்டு “அப்பா, போலாம்” என்று வந்து நிற்பாள்.

அமைதியான பிள்ளைக்கு இருக்கிற பெரிய ஆபத்து செல்போன் என்று நினைக்கிறேன். ஓடுகிற பிள்ளை கையில் போனைக் கொடுத்தாலும் பத்து நிமிஷத்தில் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிவிடும். உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கொடுத்தால் அது அங்கேயே இருக்கும், யாருக்கும் தொந்தரவு இல்லை, எல்லோருக்கும் வசதி. இரண்டிலிருந்து நாலு வயதுவரை திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல், மூன்று நாலு வயதுக் குழந்தை நாளுக்கு 180 நிமிஷமாவது உடம்பை அசைக்க வேண்டும், அதில் 60 நிமிஷம் மூச்சு வாங்குகிற அளவு இருக்க வேண்டும் என்கிறது. மகளுக்கு இந்தக் கணக்கு காலைப் பலகாரத்துக்கு முன்பே பாதி முடிந்துவிடும். மகனுக்குத்தான் நாம் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. ‘போய் ஓடு’ என்றால் ஓட மாட்டான். கண்ணங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் கொக்கைக் காட்டினால், அது அடுத்த திட்டுக்குப் பறக்கப் பறக்கக் கூடவே கரையோடு வந்துவிடுவான். 2010 வாக்கில் சேலத்துக்காரர்களே சேர்ந்து மீட்டெடுத்த ஏரி அது. நடுவில் மண்திட்டுகள் போட்டு மரம் வைத்தார்கள். அந்தத் திட்டுகளால் எங்கள் வீட்டுக்கு இப்படி ஒரு உபயோகம்.

செவ்வாய்ப்பேட்டையில் என் அம்மா வீட்டில் கதை தலைகீழ். அம்மா கொலுசுக்குச் சலங்கை மாட்டுகிறார். பட்டறையில் வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார்கள், முடித்த பிறகு எடை போட்டு வாங்குவார்கள். அதனால் அந்தத் தட்டு இருக்கிற அறையில் மகளுக்கு இடமில்லை. “நீ வெளிய போய் வெளையாடு கண்ணு, காலு பட்டுச்சுன்னா அப்பாயி கணக்குச் சொல்ல முடியாது.” மகன் மட்டும் உள்ளே. வாயில் போடுகிற வயது தாண்டியவன், ஆனாலும் அம்மாவின் ஒரு கண் அவன் கை மேலேயே இருக்கும். சலங்கைகளைத் துணி மேல் கொட்டுவார். அவன் ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவான். சத்தம் வருகிறது ஒரு பக்கம், உள்ளே மணி இல்லாமல் ஊமையாக இருப்பது இன்னொரு பக்கம். ஒரு மணி நேரம் ஆனாலும் தலை நிமிராது. அம்மாவும் அவனிடம் பழங்கதையெல்லாம் சொல்லிக்கொண்டே வேலை செய்வார். அவர் கல்யாணமாகி வந்த கதை, என் தாத்தாவின் கதை எல்லாம் நாலு வயதுக்காரனுக்குத் தெரியும். எட்டு வயதுக்காரிக்குத் தெரியாது. ஓடுகிற பிள்ளைக்கும் இப்படி ஒரு இழப்பு இருக்கிறது, வெளியே தெரியாது. அம்மாவே அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முடித்த கொலுசைப் பட்டறையில் கொடுக்கப் போகும்போது மகளைத்தான் கூட்டிக்கொண்டு போகிறார். போகிற வழியில் கதை. முன்னால் ஓடி, திரும்பி வந்து, “அப்புறம் என்னாச்சு அப்பாயி?” என்று கேட்டுவிட்டு மறுபடி ஓடுவாள்.

வீட்டில் வேகம் இருப்பது பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை. என் மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். காலையில் ஐந்தரைக்கு எழுந்தால் சமையல், டிபன் டப்பா, துணி, தலைவாருதல் என்று எட்டு மணிக்குள் ஒரு நாளைய வேலையை முடித்துவிடுவாள். நான் ஜவ்வரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவன். உட்கார்ந்த இடத்தில் நாள் முழுக்க இருக்கச் சொன்னால் சந்தோஷமாக இருப்பேன். ஆக, மகள் அவளைப் போல, மகன் என்னைப் போல. அப்படியே விட்டால் வீடு தானாக இரண்டு கட்சியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவரும் உழவர் சந்தைக்கு, நாங்கள் இருவரும் வீட்டில். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. தன் வேகத்துக்கு ஒத்துவராத பிள்ளையோடு இருக்கத்தான் அப்பா அம்மாவுக்குப் பழக்கம் வேண்டும்; ஒத்துவருகிற பிள்ளையோடு யாரும் இருந்துவிடலாம்.

அதனால் மாற்றிப் போடுகிறோம். காலையில் மகனுக்குச் சட்டை போடும் நேரம் மனைவியுடையது. அவன் கீழ்ப் பொத்தானிலிருந்துதான் தொடங்குவான். பொத்தானை ஓட்டைக்குள் விட்டு, அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறதா என்று குனிந்து பார்த்து, மெதுவாக இழுத்து, அப்புறம் அது நிஜமாகவே மாட்டிக்கொண்டதா என்று மறுபடி பிரித்துப் பார்ப்பான். அவள் கைகள் தானாக முன்னால் போகும். பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். அதற்காகவே பத்து நிமிஷம் முன்னதாக எழுப்புகிறோம். அந்தப் பத்து நிமிஷம் இல்லாமல் பொறுமையைப் பற்றிப் பேசிப் புண்ணியமில்லை.

மே மாதம்தான் எல்லாவற்றுக்கும் சோதனை. பள்ளி இல்லை. சேலத்து வெயில் நாற்பதைத் தொட்டுக்கொண்டு நிற்கும். மொட்டை மாடியில் ஒன்பது மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. மகளை நாலு சுவருக்குள் வைத்துக்கொள்வது அந்த நியூயார்க் குடும்பங்களின் கதைதான். நல்லவேளை, முப்பது கிலோமீட்டரில் ஏற்காடு இருக்கிறது. ஐயாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் மேலே போய் இறங்கியதும் அவளுக்கு ஓட ஊர் முழுக்க இடம்.

போகிற பேருந்தில்தான் கஷ்டம். 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண் போட்ட பலகை. ஒவ்வொரு பலகைக்கும் மகள் கத்துவாள், பேருந்தே அவளோடு எண்ணும். மகன் ஜன்னலோரம் வாயே திறக்கவில்லை, தூங்கிவிட்டான் என்றே நினைத்தோம். மேலே போய் இறங்கும்போது கேட்டான்: “அப்பா, பதினாலு எங்க?” லாரி ஒன்று மறைத்த பலகை அது. அக்கா அதைச் சேர்த்தே கத்தியிருந்தாள். பார்க்காததை எப்படி எண்ணலாம் என்று அவனுக்குக் கோபம், சாயங்காலம்வரை தீரவில்லை.

ஏற்காட்டில் நாங்கள் ஒரே குடும்பமாகச் சுற்றுவதில்லை. இதைக் கேட்டால் சொந்தக்காரர்கள் வருத்தப்படுகிறார்கள். நாலு பேரும் சேர்ந்து போனால் யாராவது ஒருவர் இழுபடுவார், ஒருவர் காத்திருப்பார். அதனால் ஏரியில் இறங்கியதும் ஆளுக்கொரு பிள்ளை, அதுவும் மாற்றி. மகளோடு நான். மிதிபடகு, அங்கிருந்து பகோடா பாயின்ட், அங்கிருந்து லேடீஸ் சீட். என் முழங்கால் சொல்வதை இங்கே எழுத முடியாது. அண்ணா பூங்காவுக்கு மகனோடு போன மனைவி போன் செய்தாள்: “ஏங்க, நாங்க இன்னும் கேட்டையே தாண்டலை.” வாசலில் ஒரு மிளகாய் பஜ்ஜிக் கடை. அவன் அங்கேயே நின்றுவிட்டான். மாவில் முக்குவது, எண்ணெயில் விடுவது, திருப்பிப் போடுவது, அரித்து எடுப்பது. ஒரு ஈடு முடிந்து அடுத்த ஈடு. கடைக்காரரே ஸ்டூல் ஒன்றைக் கொடுத்து, எண்ணெய் தெறிக்காத தூரத்தில் உட்காரச் சொல்லியிருக்கிறார். பூங்கா டிக்கெட் கடைசிவரை வாங்கவில்லை. மனைவி முதலில் கொதித்துப்போயிருக்கிறாள். ஆனால் அன்று ராத்திரி, மிளகாயைக் கீறாமல் போட்டால் வெடிக்கும் என்பதில் தொடங்கி அந்தக் கடையின் சங்கதி முழுக்க எனக்குச் சொன்னது அவள்தான்.

நடுவில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ‘இயல்பு, இயல்பு’ என்று எல்லாவற்றையும் விட்டுவிடக் கூடாது. ஓடுகிற பிள்ளை என்றாலே ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல் அளவுமீறித் துறுதுறுவென்று இருக்கிற குறைபாடு, என்று அர்த்தம் இல்லை. அது இருக்கிறது என்று சொல்ல, வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ தெரிந்தால் போதாது. குறைந்தது இரண்டு இடங்களிலாவது, ஆறு மாதமாவது, வயதுக்கு மீறி, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்கிற அளவுக்கு இருக்க வேண்டும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான், இதில் வெட்கம் என்ன. அமைதியான பிள்ளை விஷயத்தில் நம் ஊரில் இன்னும் கவனம் தேவை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நூற்றில் பாதிக்கு மேல். சோர்ந்து உட்கார்ந்திருக்கிற பிள்ளையைச் சாது என்று கொஞ்சிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். முகம் வெளுத்திருக்கிறதா, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, சிலேட்டுக் குச்சியையும் மண்ணையும் தின்கிறதா, முன்பு பிடித்ததெல்லாம் இப்போது வேண்டாம் என்கிறதா என்று பார்க்க வேண்டும். மகனுக்கு ஒருமுறை ரத்தம் பார்த்துவிட்டோம். அளவு சரியாகத்தான் இருந்தது. ஊசி போட்ட நர்ஸம்மாவிடம் அந்தக் குழாயில் ரத்தம் ஏன் மேலே ஏறுகிறது என்று கேட்டான்.

இப்போது வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற விவாதம் வேறு. ஜூனில் மகனை எல்.கே.ஜி.யில் விட வேண்டும். மகளுக்கு அந்தச் சிக்கல் வரவில்லை. முதல் நாளே உள்ளே ஓடினாள். போதாததற்கு அவளுடைய மிஸ் கெட்டிக்காரர். நோட்டுக் கட்டை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோவது, போர்டு அழிப்பது, தண்ணீர் பாட்டில் அடுக்குவது எல்லாம் அவள் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். வகுப்பில் அவள் எழுந்து நடமாட ஆயிரம் காரணம். மகன் விஷயத்தில், அவன் பேச ஒரு மாதம் ஆகும், பேசவில்லை என்று தெரியாதவன் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள் என்று மிஸ்ஸிடம் முன்னாலேயே சொல்லிவிடலாம் என்கிறேன் நான். சொல்லவே கூடாது என்கிறாள் மனைவி. “நீங்க போய்ச் சொன்னா முதல் நாளே அவங்க மனசுல ஒண்ணு எழுதிக்குவாங்க. அவனே போய்ப் பார்க்கட்டும், அவங்களே கண்டுபிடிக்கட்டும்.” விசேஷ வீட்டுத் தீர்ப்புக்கும் நான் சொல்லப்போவதற்கும் என்ன வித்தியாசம் என்று அவள் கேட்டதற்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. சீருடை தைக்கக் கொடுத்தாயிற்று. சட்டைக்குப் பொத்தான் வேண்டாம், தலைவழியாகப் போடுகிற மாதிரித் தைத்துவிடலாமே என்று தையல்காரர் சொன்னார். வேண்டாம், பொத்தானே வைத்துவிடுங்கள் என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.